பூஜையில் இருந்த இரண்டு ஸ்டாண்டு

பெரியவளே, சின்னவனே,

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேலி செய்தீர்கள். ஆயில் மாற்றக் காருக்கு அடியில் போவதற்கு முன்னால் நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்ததையும், வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டுகளைக் காலால் உதைத்துப் பார்த்ததையும், பம்பரைப் பிடித்து வண்டியையே ஆட்டிப் பார்த்ததையும் சின்னவன் அப்படியே நடித்துக் காட்டினான். "அப்பா கீழ போறதுக்குள்ள ஆயில் தானா மாறிடும்" என்றாள் பெரியவள். நானும் சிரித்தேன். உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆய்ந்துகொண்டிருந்த கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் ஏன் போனாள் என்பதை இங்கே எழுதுகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்றவன் எழுதுவது இது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சின்னவன் பிறப்பதற்கு முன்னால், எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. பெரியவளுக்கு அப்போது நான்கு வயது முடியவில்லை. மயிலாப்பூரில், கோயில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில், ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். முன்கட்டில் வீட்டுக்கார மாமாவும் மாமியும். வீட்டை ஒட்டி, ஒரு கார் நுழையும் அகலத்துக்குச் சிமெண்டு போட்ட நடை. அதன் கடைசியில் அடிபம்பு. அந்த நடையில்தான் நம் கார் நிற்கும்.

கார் என்றதும் அப்போது வசதியாக இருந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். அடையாற்றில் ஒரு டாக்டர் வீட்டில் நான் டிரைவராக இருந்தேன். அவர்கள் குடும்பத்தோடு வெளிநாடு போனபோது, யாரும் வாங்க முன்வராத தம் பழைய சீமைக் காரை, நான் ஏதோ கொடுத்ததை வாங்கிக்கொண்டு டாக்டர் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அதை வைத்துக்கொண்டு காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினேன். மந்தைவெளியில் தொடங்கி ஒவ்வொரு வாசலாக நின்று, சாந்தோம் போய்ச் சேரும்போது பின்சீட்டில் மடிமேல் மடியாகப் பிள்ளைகள் அடைந்திருக்கும். நம் வீட்டில் உலை கொதித்தது அந்தக் காரால்தான்.

பழைய வண்டி. அதற்கு அடியில் கிரீஸ் அடிக்கவேண்டிய இடங்கள் ஏராளம். பட்டறையில் விட்டால் சம்பாதித்தது அங்கேயே போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே அடியில் படுத்து வேலை பார்ப்பேன். தூக்குவதற்கு டிக்கியில் இருந்த பழைய திருகு ஜாக்கி. தாங்குவதற்குச் செங்கல். மயிலாப்பூரில் அன்று பாதி டிரைவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

பயம் எனக்கு அப்போதே உண்டு. காருக்கு அடியில் மல்லாந்து படுத்தால், மூக்குக்கு மேலே ஒரு வீட்டின் கனம் இருக்கும். மேலே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு மேலேதான் பார்த்து வேலை செய்யவேண்டும். அடியிலிருக்கும்போது யாராவது நடையில் ஓடினால்கூட வேலையை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

ஒருநாள் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிக் காருக்கு அடியிலேயே படுக்கப் போட்டுவிட்டு, கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். துணி எடுக்க வெளியே வந்தேன். எழுந்து நின்றேனோ இல்லையோ, 'பொத்' என்று ஒரு சத்தம். செங்கல் வெடித்துத் தூளாகிவிட்டது. கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நான் படுக்கப் போட்டிருந்த சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. நான் தலை வைத்திருந்த இடத்தில் செங்கல் பொடி சிவப்பாகக் கொட்டிக் கிடந்தது.

உங்கள் அம்மா அடிபம்படியில் இருந்தாள். குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து பார்த்தாள். சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் மரியாதை எல்லாம் போய்விடும்.

"யோவ், இன்னொரு தபா கல்ல வச்சிக்கினு இதுக்கு அடியில பூந்தே, நான் கொயந்தைய தூக்கிக்கினு எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன். தாலிய நீயே வச்சிக்கோ."

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? வண்டி ஓட வேணாமா?"

"ஒயுங்கா தூக்கறதுக்கும் தாங்கறதுக்கும் எதுனா வாங்கு. இல்லாங்காட்டி வண்டிய வித்துடு."

பெரிய பட்டறைகளில் சக்கரம் வைத்த டிராலி ஜாக்கி இருக்கும். கைப்பிடியை அடித்தால் கார் ஏதோ சொன்னபடி கேட்பதுபோல் மேலே எழும். மவுண்ட் ரோட்டில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் புதியது ஒன்றைப் பார்த்திருந்தேன். உள்ளே போய் விலை கேட்கும் தைரியம் வரவில்லை. புதுப்பேட்டைக்குப் போனேன்.

உடைத்த கார்களின் கதவுகளும் கண்களும் அங்கே தெருவெல்லாம் குவிந்து கிடக்கும். ஒரு கடையில் ஆயிலில் ஊறிய கைலியோடு ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"இன்னா நைனா, ஜாக்கியா? தோ பார். மிலிட்டரில கழிச்சது. டாங்கிய தூக்கின ஜாக்கி."

"டாங்கி வேணாம் பாய். என் வண்டிய தூக்கினா போதும். தூக்கிட்டு எறங்காம இருக்கணும்."

"எறங்காது."

"எறங்கிச்சின்னா?"

"நைனா, பொண்ணு பாக்க வந்தியா, ஜாக்கி பாக்க வந்தியா?"

நான் விடவில்லை. அங்கே கிடந்த ஒரு காரின் முன்பக்கத்தைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். ஒரு தகர டின்னைக் கவிழ்த்து, அதன்மேல் என் தீப்பெட்டியை நிமிர்த்தி, காரின் அடிச்சட்டத்தில் அது ஒட்டி நிற்கும்படி அண்டக்கொடுத்து வைத்தேன். ஜாக்கி இறங்கினால் தீப்பெட்டி நசுங்கும். இது நானாகக் கண்டுபிடித்த வழி. கடைப் பையன்கள் சிரித்தார்கள்.

"வாத்யாரே, பீடி பத்தவச்சிட்டு டெஸ்ட் பண்ணு!"

பாய் டீ வரவழைத்தார். குடித்து முடித்துவிட்டுப் பார்த்தேன். தீப்பெட்டி லேசாகத் தொப்பை விட்டிருந்தது.

"எறங்குதே பாய்."

"மனுசனே டீ குடிச்சா கொஞ்சம் சாஞ்சி குந்தறான். இது பழசுய்யா. இன்னாத்துக்குப் பயப்படறே? தூக்கு, ஸ்டாண்டுல குந்தவை, அப்பால ஜாக்கி தூங்கினா உனக்கு இன்னா போச்சு?"

மற்ற ஜாக்கிகளையும் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். அவை இன்னும் வேகமாக இறங்கின. என் கைக்கு எட்டிய விலையில் இருந்தது இது ஒன்றுதான். பயந்துகொண்டே வாங்கினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டிக்கியில் அது உருண்டு இடித்த ஒவ்வொரு இடிக்கும், ஏமாந்துவிட்டேன், ஏமாந்துவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

ஸ்டாண்டுக்குக் கிண்டி எஸ்டேட்டுக்குப் போனேன். ஷெட் ஒன்றில் கனமான குழாயை வெட்டி, மூன்று கால் வைத்து வெல்டிங் செய்து விற்றார்கள். நாலு கேட்க ஆசை. இரண்டுதான் வாங்க முடிந்தது. முன்பக்கமோ பின்பக்கமோ ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம்தானே தூக்கப்போகிறோம் என்று தேற்றிக்கொண்டேன். வெல்டிங்கை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றைத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நின்று குதித்தேன்.

"இன்னா சார் இது, நீ ஏறி நிக்கற வெயிட்டுக்கா இத அடிச்சோம்? லாரியவே நிறுத்தலாம். எறங்கு, எறங்கு, உன் காலு ஒடஞ்சா எங்க மேல பழி" என்றார் வெல்டர்.

வீட்டில் ஜாக்கியைப் பார்த்ததும் உங்கள் அம்மாவின் கோபம் போய்விட்டது.

"இன்னாங்க இது, அடிபம்ப படுக்க வச்சா மாதிரி கீது!"

நடையில் வைத்து, தானே கைப்பிடியைப் பிடித்து அடித்தாள். தினமும் குடம் குடமாக அடிக்கிற கை. கார் மூக்கைத் தூக்கியது. "நான் தூக்கிட்டேன்! மாமி, வந்து பாருங்க, காரை நானே தூக்கிட்டேன்!" என்று கத்தினாள். இறக்க வேண்டுமானால் கைப்பிடியை இடப்பக்கம் திருக வேண்டும், தெரியாமல் திருகிவிட்டால் கார் மொத்தமும் தொப்பென்று வந்துவிடும் என்று சொன்னேன். உடனே கையை எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சில மாதம் நிம்மதியாகப் போயிற்று. ஜாக்கியில் தூக்குவேன், ஸ்டாண்டுகளை அடிச்சட்டத்துக்குக் கீழே வைப்பேன், ஜாக்கியைத் தளர்த்துவேன். கார் ஸ்டாண்டுகளின் மேல் 'ணங்' என்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு சரியாக வரும். பெரியவளே, உனக்கு நினைவிருக்காது. நான் அடியில் படுத்திருக்கும்போது நீயும் ஊர்ந்து வந்து என் பக்கத்தில் படுத்துக்கொள்வாய். "மேல இன்னாப்பா கீது?" என்று கேட்பாய். ஸ்டாண்டு இருக்கிறதே என்று நானும் சில சமயம் விட்டுவிடுவேன். உன் அம்மாதான் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

ஆயுத பூஜை வந்தது.

அன்றைக்கு ஆயுதங்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை தொடக்கூடாது. உங்கள் அம்மா காலையிலேயே ஸ்டாண்டு இரண்டையும் அடிபம்படியில் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, தலையிலும் காலிலும் சந்தனப் பொட்டு வைத்து, பலகையில் சாமி படத்துக்கு இரண்டு பக்கமும் துவாரபாலகர்போல் நிற்கவைத்துவிட்டாள். நடுவில் ஸ்பேனர்கள், கிரீஸ் கன், அரிவாள்மணை, பெரியவளின் சிலேட்டு. ஜாக்கி கனம், போதாததற்கு ஆயில் கசிவு. அதனால் அதை நடையிலேயே விட்டுவிட்டு, அங்கேயே ஒரு பொட்டு வைத்தாள். வீட்டுக்கார மாமி பின்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"நன்னா வெச்சிருக்கேடி. ஆனா ஒண்ணு, வெச்சாச்சுன்னா வெச்சதுதான். நாளைக்குக் கார்த்தால வரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது. எங்காத்துல கத்தியைக்கூட வெக்கணுமேன்னு, நேத்தே காய் நறுக்கி வெச்சுண்டுட்டேன்."

"நான் தொட மாட்டேன் மாமி. இவரத்தான் கட்டிப் போடணும்."

டிரைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எல்லாவற்றையும் பூஜையில் வைத்தாலும் ஒரு ஸ்பேனரை மட்டும் வைக்காமல் ஒதுக்கிக்கொள்வோம். வண்டி எப்போது என்ன கேட்கும் என்று தெரியாதே. நானும் ஒன்றை இடுப்பில் செருகியிருந்தேன்.

மாலையில் காருக்குப் பூஜை. அதற்காகப் பகலில் வண்டியைக் கழுவினேன். கழுவி முடித்துச் சிமெண்டு காய்ந்த பிறகு பார்த்தால், டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே ஒரு ஈரத் திட்டு மட்டும் காயாமல் இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். பிரேக் ஆயில். உள்ளே ஏறிப் பெடலை மிதித்தேன். மெத்தென்று போயிற்று.

மறுநாள் விடிந்ததும் லஸ் பக்கத்தில் ஒரு வீட்டுக் குழந்தையை முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். பிரேக் இல்லாத காரில் பிள்ளைகளை ஏற்ற முடியாது. பின்சீட்டில் இருக்கிற சின்னச் சின்னத் தலைகள் கண்ணாடியில் தெரியுமே, அவை முன்னால் வந்து மோதுவதுபோல் ஒரு காட்சி எனக்கு அடிக்கடி வரும். அன்றும் வந்தது. குழாய் நட் தளர்ந்திருக்கும், ஒரு திருகு திருகினால் நின்றுவிடும் என்று தோன்றியது. கையில் ஒரு ஸ்பேனர் இருந்தது. ஜாக்கி வெளியே இருந்தது. ஸ்டாண்டுகள் மட்டும் சாமிக்கு முன்னால்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். உங்கள் அம்மா அடுப்பில் சுண்டல் வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டாண்டுகளின் தலையில் ஆளுக்கொரு சாமந்திப் பூ. அவற்றை எடுக்க எனக்குக் கை வரவில்லை. பாவம் என்கிற பயம் பாதி. உங்கள் அம்மா கேட்பாளே என்கிற பயம் பாதி. ஒரு நட்டுதானே. பாய் கடைத் தீப்பெட்டி வித்தையை நினைத்துக்கொண்டேன். நசுங்கும் சத்தம் கேட்டால் வெளியே வந்துவிடலாம்.

பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். டின்னைக் கவிழ்த்து, தீப்பெட்டியை அடிச்சட்டத்துக்கு அண்டக்கொடுத்தேன். மல்லாந்து பக்கவாட்டில் நுழைந்தேன்.

நட்டில் ஸ்பேனர் உட்காரவில்லை. திரும்பத் திரும்ப நழுவியது. கோயில் பக்கம் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஸ்பேனர் பிடித்தது, நட் திரும்பியது. அப்போது காதுக்குப் பக்கத்தில், முறுக்கைக் கடிப்பதுபோல் ஒரு சின்ன நொறுக்கல் கேட்டது.

வெளியே நழுவப் பார்த்தேன். சட்டை முதுகில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. இழுத்தேன். வரவில்லை. அதற்குள் முன் டயர்கள் தரையைத் தொட்டுவிட்டன. அப்பாடா, இனி இறங்காது என்று நினைத்தேன். டயர் தொட்டால் போதுமா? ஜாக்கி இன்னும் தணியத் தணிய, காரின் கனம் ஸ்பிரிங்கின் மேல் ஏறி, ஸ்பிரிங் அமுங்கி, உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. அடிச்சட்டம் என் மார்பில் வந்து உட்கார்ந்தது. வலிக்கவில்லை. ஒரு மாடு மேலே படுத்துக்கொள்வதற்கு இடம் பார்ப்பதுபோல் மெதுவாக வந்து உட்கார்ந்தது. மூச்சை விட்டேன். விட்ட மூச்சு திரும்ப உள்ளே போக இடமில்லை.

கத்த முடியவில்லை. கத்துவதற்கு வேண்டிய காற்று என்னிடம் இல்லை. இப்படியும் சாவு வருமா, சத்தமே இல்லாமல், பட்டப்பகலில், பத்தடி தள்ளி சுண்டல் வேகும் வாசனையில்? இன்னும் ஒரு விரல் இறங்கினால் போதும் என்று தெரிந்தது. இறங்குமா, நின்றுவிட்டதா என்று மட்டும் தெரியவில்லை.

அப்போதுதான், பெரியவளே, நீ வந்தாய்.

முதலில் உன் கால் கொலுசு தெரிந்தது. பிறகு குனிந்த முகம். ஒரு கையில் பொரி.

"அப்பா! ஒளிஞ்சிக்கினியா?"

போ, போ என்று கையை ஆட்டினேன். என் முழங்கை தரையோடு அழுந்திக் கிடந்ததால் விரல்கள் மட்டும்தான் ஆடின. நீ அதை வா என்று கூப்பிடுவதாக எடுத்துக்கொண்டாய். பொரியைக் கீழே போட்டுவிட்டு, எப்போதும்போல் குப்புறப் படுத்து, என் தலைப் பக்கமாக ஊர்ந்து உள்ளே வந்தாய். உன் தலை சக்கரத்துக்குப் பக்கத்தில், அடிச்சட்டத்துக்கு நேர் கீழே வந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் கண்ணை உருட்டினேன். விளையாட்டு என்று நீயும் கண்ணை உருட்டினாய்.

அதுவரை நான் பட்டது பயமே இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது வந்ததுதான் பயம்.

உன் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் பிழைத்தோம். உங்கள் அம்மா உன்னைத் தேடிக்கொண்டு நடைக்கு வந்திருக்கிறாள்.

"பாவாட புச்சு, தரையில பெரளுது பாரு சனியன்!" என்று திட்டிக்கொண்டே காலைப் பிடித்து இழுத்தாள். நீ வெளியே போனதும் அந்த இடத்தில் அவள் முகம் வந்தது. திட்டுவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றது.

"ஐயோ! மாமா! மாமி!"

மாமா ஓடிவந்து பம்பரைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். அவர் உடம்புக்கு அந்தப் பம்பரைத் துடைக்கத்தான் பலம் உண்டு. "முருகா, முருகா" என்று அவர் சொல்வது கேட்டது. உங்கள் அம்மா ஜாக்கியின் கைப்பிடிக்குப் போனாள். அதை அவள் பிடிப்பது எனக்குத் தெரிந்தது. திருகிவிடாதே. இடப்பக்கம் திருகிவிடாதே. மனசுக்குள்தான் சொல்ல முடிந்தது.

அவள் திருகவில்லை. அடித்தாள். அடிபம்பில் தண்ணீர் வராத கோடையில் அடிப்பாளே, அப்படி, மூச்சு விடாமல், உடம்பு முழுவதையும் கொடுத்து அடித்தாள். ஜாக்கி முக்கியது. மார்பிலிருந்து சட்டம் ஒரு மயிரிழை விலகியது. காற்று உள்ளே போயிற்று. அவள் கை மாற்றுவதற்கு ஒரு கணம் நிறுத்தினாள்; உடனே சட்டம் திரும்ப இறங்கத் தொடங்கியது.

"மாமி! நான் உட்டா எறங்கிடும்! ஸ்டாண்டு! அந்த ஸ்டாண்ட எடுத்தாங்க!"

"பூஜையில இருக்கேடி!"

"எடுத்தாங்க மாமி!"

மாமி பின்கட்டுக்குள் காலெடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. எதுவானாலும் வாசற்படிக்கு வெளியே நின்றே பேசுவாள். அன்றைக்கு மடிசாரோடு உள்ளே ஓடினாள். தட்டு உருளும் சத்தம் கேட்டது. ஒரு கைக்கு ஒரு ஸ்டாண்டாகத் தூக்கிக்கொண்டு வந்து, தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கேடி வெக்கறது? சொல்லுடி, எங்கே?"

"சக்கரத்துக்கு உள்ளாற, அந்த நீட்டுச் சட்டத்துக்கு அடியில! இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு!"

அவள் அடிக்க அடிக்க, மாமி ஸ்டாண்டைத் தள்ளினாள். சந்தனப் பொட்டு என் கண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சாமந்திப் பூ அப்போதும் அதன் தலையில் ஒட்டியிருந்தது. மாமி எழுந்து சுற்றிப்போய் அடுத்ததையும் வைத்தாள். உங்கள் அம்மா கையை எடுத்தாள். கார் இறங்கி, பூவை நசுக்கிக்கொண்டு, 'ணங்' என்று உட்கார்ந்தது.

என்னால் நகர முடியவில்லை. மாட்டியிருந்த சட்டையை மாமா கிழித்து, என் தோளைப் பிடித்து இழுத்தார். வெளியே வந்து, கையிலேயே இருந்த ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். நீ கீழே சிந்திய பொரியைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாய். உங்கள் அம்மா என்னை ஓர் அடி அடித்திருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் உள்ளே போய் அடுப்பிலிருந்த சுண்டலை இறக்கினாள். அது அடிப்பிடித்துப் போயிருந்தது.

மாமியின் முழங்கை வரைக்கும் கிரீஸ். அடிபம்படியில் கழுவிக்கொண்டு நின்றவளிடம், "மன்னிச்சிக்கங்க மாமி, பூஜையில இருந்தத எடுக்க வச்சிட்டேன்" என்றேன்.

"அசடு மாதிரி பேசாதேயும். ஆயுதம் பின்ன எதுக்காம்?" என்றாள். கிரீஸ் போகவில்லை. திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

லஸ் வீட்டுக்கு நடந்தே போய், நாளைக்கு வண்டி வராது என்று சொல்லிவிட்டு வந்தேன். மாலைப் பூஜை நடந்தது. ஸ்டாண்டுகளை யாரும் எடுக்கவில்லை. கார் அவற்றின் மேலேயே மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. நாங்கள் மாலை போட்டோம். உங்கள் அம்மா கற்பூரத்தட்டை முன்னால் காட்டிவிட்டு, குனிந்து, அடியில் இருந்த ஸ்டாண்டுகளுக்கும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். அந்த வெளிச்சத்தில், நசுங்கிய டின்னின் மேல் தட்டையாக ஒட்டிக் கிடந்த தீப்பெட்டி தெரிந்தது. எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கவில்லை. வண்டி ஓடாதபோது எதை நசுக்குவது?

விளக்கு வைத்த பிறகு அவள் உன்னை அடிபம்படிக்குக் குளிக்கக் கூட்டிப் போனாள். தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மட்டும் உள்ளே போனேன். பலகையில் சாமி படத்துக்கு இரண்டு பக்கமும் ஸ்டாண்டுகள் நின்ற இடத்தில் மும்மூன்று கால்தடம் காய்ந்து கிடந்தது. பூஜையில் வைக்காமல் இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரை எடுத்தேன். வேட்டி முனையில் பிரேக் ஆயிலைத் துடைத்தேன். சந்தனக் கிண்ணத்தில் விரல் விட்டு அதற்கு ஒரு பொட்டு வைத்து, ஸ்டாண்டு நின்ற காலி இடம் ஒன்றில் படுக்க வைத்தேன்.